கிராஷினா தேர்ந்தெடுத்த படகு

ஓல்ஷ்டின் நகரில் பஸ் ஓட்டும் லெஷெக்குக்கு எதுவுமே பெரிதாக இருந்தால்தான் பிடிக்கும். மனைவி, மகளோடு படகு வாங்கப் போன இடத்திலும் அப்படித்தான். கிஷிட்ஸ்கோ படகுத்துறையில், ஆறு பேர் படுக்கலாம் என்று சொல்லி நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைப் படகின் முன்னால் அசையாமல் நின்றுவிட்டான்.

"பேசாம உன் பஸ்ஸையே ஏரியில இறக்கிடேன்," என்றாள் மனைவி கிராஷினா.

கல்யாணமான புதிதிலிருந்து இருவருக்கும் இருந்த ஆசை அது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு கிளம்பி, ஏரியிலேயே தூங்கி எழுந்து, ஞாயிறு மாலை வெயிலில் சிவந்த மூக்கோடு வீடு திரும்ப வேண்டும். மகள் கிங்கா பிறந்தாள், லெஷெக்கின் அப்பா படுத்த படுக்கையானார், ஆசை தள்ளிக்கொண்டே போனது. இந்த வசந்தத்தில் கிராஷினாதான் அவசரப்படுத்தினாள். ஒருமுறை அறுத்து எடுத்த அவளுடைய புற்றுநோய் குளிர்காலத்தில் திரும்பி வந்திருந்தது. இந்த முறை டாக்டர் அறுவை சிகிச்சை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஒவ்வொரு படகிலும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். மெத்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். படுக்கையில் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். "பூஞ்சை வாடை," என்று ஒன்றைத் தள்ளினாள். "இதுல சோறாக்கினா தலைமுடி பத்திக்கும்," என்று இன்னொன்றை. கடைசியில், துறையின் ஓரத்தில் கிடந்த ஒரு பழைய சின்னப் படகிலிருந்து வெளியே வந்தவள், விற்பவரான தெயோஃபில் கிழவரிடம் கேட்டாள்:

"ஐயா, பாலத்துக்கு அடியில போறப்ப பாய்மரத்தச் சாய்க்கணுமில்ல? இத ஒரே ஆள் சாய்ச்சு நிமித்த முடியுமா?"

"தாராளமா, அம்மா. கீழ கயித்தப் பிடிக்க ஒரு பொடிசு இருந்தாப் போதும்."

"லெஷெக், செஞ்சு பாரு. கிங்கா, நீ கயித்தப் பிடி."

"நீயும் வந்து பிடியேன்," என்றான் அவன்.

அவள் வரவில்லை. மேலங்கிப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு கரைப்பலகையில் நின்று பார்த்தாள். பாய்மரம் மெல்ல எழுந்து நிமிர்ந்தது. "அப்பா, நான்தான் பிடிச்சேன்!" என்று கிங்கா குதித்தாள். மனைவியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் லெஷெக்குக்கு விளங்கியது. அவள் தன்னைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் படகு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இது வேண்டாம்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தான்.

பொரித்த மீன் விற்கும் கடையில், கிங்கா வாத்துகளுக்கு ரொட்டி போடப் போயிருந்த நேரத்தில், கிராஷினா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பெரிசா வாங்கினா உன்னால தனியா சமாளிக்க முடியாது. ஒரே வருஷத்துல வித்துடுவ. அப்புறம் சனி, ஞாயிறு நீயும் கிங்காவும் ஆளுக்கொரு ரூம்ல உக்காந்து செவுத்தப் பாத்துட்டு இருப்பீங்க."

"நீ இருக்கறப்பவே இப்படிப் பேசாத."

"இருக்கறப்பதான்டா பேச முடியும்."

மீன் ஆறிப்போனது. அவன் அழுதான். அவள் தன் தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து அவன் மீனில் பிழிந்துவிட்டு, "சாப்பிடு," என்றாள்.

அந்தச் சின்னப் படகையே வாங்கினார்கள். ஜூலையில் சில வார இறுதிகள் அவளுக்குக் கிடைத்தன. நாணலோரம் நங்கூரம் போட்டார்கள். மழை பெய்த ஒரு நாள் முழுக்க கேபினுக்குள் மூவரும் முட்டிக்கொண்டு சீட்டாடினார்கள். கிராஷினா வெட்கமில்லாமல் ஏமாற்றினாள். ஈரக் காலுறைக்காகக் கிங்காவைத் திட்டினாள். ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

அடுத்த மே மாதம் வரை லெஷெக் அந்தப் படகின் பக்கமே போகவில்லை. கிங்காதான் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிப் பையைக் கொட்டிவிட்டு அதில் போர்வையைத் திணித்தாள். முதல் பாலத்திலேயே கயிறு சிக்கியது. "கண்ண எங்க வச்சிருக்க!" என்று அவன் கத்தினான். அவள் முகம் கோணியது. "மன்னிச்சுக்கடி செல்லம்," என்று உடனே சொன்னான். பிறகு இருவருமாகச் சிக்கை எடுத்தார்கள்.

மாலையில் பக்கத்துப் படகுக்காரப் பெண்மணி ஒரு தட்டில் ஆப்பிள் கேக்கை நீட்டினார்.

"எத்தன பேரு இருக்கீங்க? இன்னும் துண்டு போடட்டுமா?"

லெஷெக் கேபின் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு பேருதான், ஆன்ட்டி," என்றாள் கிங்கா.

அவன் கேபினுக்குள் இறங்கி அடுப்பைப் பற்றவைத்து, தேநீருக்குக் கெட்டிலை ஏற்றினான். கெட்டிலில் தண்ணீர் கொதித்து, கொதித்து, பாதியாகச் சுண்டும் வரை அவன் மேலே வரவேயில்லை.