ரப்பர் சூட்டுக்கு எடுத்த அளவு

அரசாங்கத்திடம் உடுப்பு கேட்பவர்களை நான் இரண்டு முறை பார்ப்பேன். கேட்கும்போது ஒரு முறை, கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும்போது ஒரு முறை. ஸ்டோர் பொறுப்பில் இருந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த ஞானம் இது. மழைக்கோட்டு கேட்டு வாங்கிய வாட்ச்மேன் அதைக் கன்றுக்குட்டிக்குப் போர்த்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கம்பளி கேட்ட ஜீப் டிரைவரின் கம்பளியை அவர் மைத்துனர் கல்யாணத்தில் சமையல்காரர் போர்த்தியிருந்தார். அதனால் எங்கள் டைவர் வந்து ரப்பர் சூட் வேண்டும் என்றபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் எங்கள் நீர்ப்பாசன அலுவலகம். ஜீப்பில் ஒரு மணி நேரத் தொலைவில் அணை. அணையின் மதகில் தண்ணீருக்கு அடியில் ஏதாவது பழுது என்றால் இறங்கிப் பார்க்க ஒரு ஆள். ஊரில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். அப்பாவும் பெரியப்பாக்களும் கிணற்றில் விழுந்த பாத்திரம், நகை, சில நேரம் மனிதர்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவர்கள். இவர் மட்டும் மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு மாதம் பயிற்சி எடுத்து, முதுகில் காற்று சிலிண்டருடன் இறங்கக் கற்றிருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பாய். வேலை தற்காலிகம். ஒவ்வொரு மார்ச்சிலும் நீட்டிப்பு உத்தரவு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

அவர் சொன்ன காரணம் குளிர். இதை நான் நம்பவில்லை. நம் ஊரில் தண்ணீர் குளிர்கிறது என்பதை யார் நம்புவார்கள்? மலையைத் தொட்டால் மாசியிலேயே கை சுடும். ஆனால் அறுபது அடிக்குக் கீழே வெயில் போகாது என்றார் அவர். கால் மணி நேரத்தில் விரல் மரத்துவிடும், நட்டை முடுக்குகிறோமா தளர்த்துகிறோமா என்றே தெரியாது. போன மார்கழியில் ஒரு ஸ்பேனர் கைநழுவிப் போனது அப்படித்தான் என்றார். அந்த ஸ்பேனர் விஷயத்தில் எனக்கு வேறு ஒரு கருத்து இருந்தது. அதை விசாரிக்கப் பழைய இரும்புக் கடைகள் இரண்டில் ஏறி இறங்கியும் இருந்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காததும் எனக்கு ஒரு சாட்சியாகத்தான் பட்டது.

இருந்தாலும் இஞ்சினியர் சிபாரிசு செய்துவிட்டார். விதிப்படி மூன்று விலைப்புள்ளி வரவழைத்தேன். மெட்ராஸிலிருந்து மூன்று கம்பெனிகள், மூன்று முகவரிகள், மூன்று விதமான லெட்டர்ஹெட். மூன்றிலும் டைப் அடித்திருந்த ஆங்கில ‘e’ எழுத்து மட்டும் ஒரே மாதிரி தலை சாய்ந்திருந்தது. மூன்று கம்பெனிக்கும் ஒரே டைப்ரைட்டர். மூன்றையும் நிராகரித்து, புதிதாகக் கேட்டு எழுதினேன். அந்த வாரம் முழுக்க நான் அலுவலகத்தில் சற்று நிமிர்ந்து நடந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். இதில் இரண்டு மாதம் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, பாயும் சொல்லவில்லை.

அதற்குள் அவர் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செங்கம் ரோட்டில் பாயின் அண்ணனுக்கு வாடகை சைக்கிள் கடை. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் அங்கேதான் சைக்கிள் எடுப்பார்கள். இந்த மனிதர் தன் நாட்டில் ஐஸ் உறைந்த ஏரிகளுக்குள் இறங்கியவராம். லுங்கி கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்.

அந்த சூட் தண்ணீரை வெளியே நிறுத்தாது, உள்ளே விடும் என்றார். மெல்லிய ஒரு படலம் தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் தங்கும், உடம்பு அதைச் சூடாக்கிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் நகராதவரை குளிராது. அதனால் கழுத்து, அக்குள், நடுமுதுகு எங்கும் இடைவெளி கூடாது. போடும்போது இழுத்துப் போட்டு வியர்க்க வேண்டும், சுலபமாக ஏறினால் அது வேறொருவருடைய சூட் என்று பொருள். இந்த ஆழத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் தடிமன் போதும், ஏழு என்றால் மிதக்கும், இடுப்பில் ஈயக்கட்டி ஜாஸ்தி கட்ட வேண்டும். மார்புவரை ஏறுகிற கால்சட்டை ஒன்று, அதன்மேல் சட்டை ஒன்று என இரண்டு துண்டாக வாங்கினால் நெஞ்சுக்கு இரட்டைப் பாதுகாப்பு. தலைக்கும் ஒரு உறை வேண்டும்.

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டே, இவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்தேன். உங்களிடம் விற்பதற்கு ஒரு சூட் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டேன். ஊரிலேயே விட்டுவிட்டேன் என்றார். கமிஷன் உண்டா என்று எப்படிக் கேட்பது எனத் தெரியாமல் டீ வரவழைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போகிறவன் மாதிரி செங்கம் ரோட்டுக்குப் போய், அவர் அறையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கோரைப்பாய், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், காயப்போட்ட ஒரு துண்டு. என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பிவிட்டு வந்தேன்.

அளவை நானே எடுத்தேன். தையல்காரரிடம் டேப்பை இரவல் வாங்கி, ஸ்டோர் ரூமில் பாயைச் சட்டை கழற்றி நிற்கவைத்து, மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி எழுதினேன். ஒட்டி இருக்கணும் சார், கொஞ்சம்கூட லூஸ் வேணாம் என்று அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறை சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

எனக்குத் தோன்றியது இதுதான். அரசாங்க உடுப்பு ஆளுக்குச் சொந்தமல்ல, பதவிக்குச் சொந்தம். பாய் போனால் நாளை வருகிற டைவரும் அதைப் போட வேண்டும். இவர் உடம்புக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி தைத்துவிட்டால் அது இவர் வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் இந்த ஒட்டல் பேச்சு. தவிர, காக்கி உடுப்புக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துவைத்தால் சுருங்கும் என்பதற்காகச் சுற்றளவு எல்லாவற்றிலும் இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவோம். பியூன்கள் எல்லோரும் பத்து வருடம் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பிகள் மாதிரி திரிந்தது அதனால்தான். மறுபடி வந்த விலைப்புள்ளிகளில் ஒரு கம்பெனியைத் தேர்ந்து ஆர்டரைச் சுத்தமாக எழுதும்போது முப்பத்தாறை முப்பத்தெட்டு ஆக்கினேன், முப்பதை முப்பத்திரண்டு. யாரிடமும் சொல்லவில்லை. தலை உறையை ஆடம்பரம் என்று அடித்தேன்.

பார்சல் தீபத் திருவிழா சமயத்தில் வந்து சேர்ந்தது. ஊரில் தெருவெல்லாம் அடைத்திருந்ததால் பத்து நாள் லாரி ஷெட்டிலேயே கிடந்தது. அதற்குள் மதகில் ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியிருந்தது. தையில் பாசனத்துக்குத் திறப்பதற்குள் சரிசெய்தாக வேண்டும், முடியாவிட்டால் மெட்ராஸிலிருந்து கான்டிராக்ட் ஆட்களைக் கூப்பிட்டுவிடலாம் என்று இஞ்சினியர் சொன்னார். பாய் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொன்னார். அவர்கள் வந்து வேலையை முடித்துவிட்டால் மார்ச்சில் நீட்டிப்பு எதற்கு என்று மேலிடத்தில் கேட்பார்கள். இது எனக்குத் தெரியும், பாய்க்கும் தெரியும்.

ஸ்டோர் ரூமில் சூட்டைப் போட்டுப் பார்த்தார். பைஜாமா மாதிரி ஏறிவிட்டது.

“சார், இது ஈஸியா ஏறுது.”

“நல்லதுதானே, பாய்.”

அவர் மார்பில் தொங்கிய ரப்பரைக் கையால் பிடித்து இழுத்துக் காட்டினார். பக்கத்துக் கிணற்றில் இறங்கி ஒரு தடவை சரிபார்க்கட்டுமா என்று கேட்டார். இருப்புப் பதிவேட்டில் ஏற்றி இஞ்சினியர் கையெழுத்தாகும்வரை பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியைச் சொன்னேன். விதி அப்படித்தான் இருந்தது. அந்த நேரத்தில் அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மார்கழிக் காலையில் அணையில் இறங்கினார். ரப்பர் சூட் போட்டிருந்ததால் இந்த முறை அரை மணி நேரம் தாங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிறு மூன்று முறை இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். நான்கு பேர் இழுத்தார்கள். கழுத்து வழியாகப் போன தண்ணீர் வயிற்றிலும் முதுகிலும் மூட்டை மாதிரி தொங்கியது. அவர் அசையும்போதெல்லாம் உள்ளே புதுத் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெறும் உடம்போடு இறங்கியிருந்தால்கூட இதைவிடக் கம்மியாகக் குளிர்ந்திருக்கும் என்று பிறகு சொன்னார். அப்போது சொல்ல முடியவில்லை. உதடு நீலமாகி, பல் அடித்துக்கொண்டு, கையில் வைத்த டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்தார்.

இஞ்சினியருக்குக் கோபம் கம்பெனி மேல். தவறான அளவில் அனுப்பியதற்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பாய்க்கு இன்னும் ஒரு வாரம், அதற்குமேல் மெட்ராஸுக்குத் தந்தி.

மறுநாள் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கம்பெனிகள்மேல் சந்தேகத்தைக் கிளப்புவதில் எனக்கு அனுபவம் உண்டு, மூன்று பாராவில் முடித்திருப்பேன். ஆர்டர் நகல் ஃபைலில் இருந்தது, அதை நான் எடுத்துக் கொடுத்தால்தான் யாரும் பார்ப்பார்கள். இரண்டாவது பாராவில் இருந்தபோது பாய் வந்து நின்றார். கையில் சூட். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“சார், டேப் புடிச்சப்போ நீங்க முப்பத்தாறுனு சொன்னீங்க. இதுல உள்ள சீட்டுல முப்பத்தெட்டுனு இருக்குது.”

எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“டேப்பைத் தப்பா படிக்கிற ஆள் இல்லிங்க நீங்க.”

பதினைந்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேரை இப்படி நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். கேட்கப்படுகிறவனுக்கு அந்த மேஜை அவ்வளவு அகலமாக இருக்கும் என்று அன்றுவரை தெரியாது.

“ரெண்டு அங்குலம் நான் சேர்த்தது, பாய்.”

“ஏன் சார்?”

“சுருங்கும்னு.”

“சுருங்கினது நான்தான் சார்,” என்றார். சிரிக்கவில்லை.

எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டுக் குறிப்பு ஒன்று எழுதினேன். அளவில் நேர்ந்த தவறு அலுவலகத்துடையது, தவறு செய்தவர் கீழே கையொப்பமிட்டிருப்பவர், பொருளைத் திருத்திப் பயன்படுத்த அனுமதி வேண்டும். இஞ்சினியர் படித்துவிட்டு, இது இப்படியே எழுதியாக வேண்டுமா என்று கேட்டார். வேறு எப்படி எழுதினாலும் தணிக்கைக்கு வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார் என்றேன். அது உண்மையல்ல. என்னைத் தவிர யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

திருத்தியது பாயின் அண்ணன் கடையில். சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற சொல்யூஷன்தான் இதற்கும் என்றார் வெள்ளைக்காரர். பக்கவாட்டில் கத்தரித்து, விளிம்புகளில் இரண்டு பூச்சு தடவி, விரலில் ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து, அழுத்திச் சேர்த்து, மேலே தைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அவர் தரையில் உட்கார்ந்து செய்தார். இதில் அவருக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்டிய துண்டிலேயே தலைக்கு உறையும் தைத்தார். அதை இருப்பில் எந்தப் பெயரில் ஏற்றுவது என்று தெரியாமல், நான் ஏற்றவே இல்லை.

வாரக் கடைசி நாளில் மறுபடியும் அணை. இந்த முறை சூட் ஏறுவதற்கு நானும் டிரைவரும் இழுக்க வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் வியர்த்தது. வழக்கமாகக் கயிறு பிடிக்கிற வாட்ச்மேன் கை நீட்டியபோது பாய் கொடுக்கவில்லை.

“கயிற நீங்க புடிங்க சார்.”

எனக்கு அனுபவமில்லை என்றேன். ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விட வேண்டும், மூன்று என்றால் தூக்க வேண்டும், நீங்க படிக்காத ரூலா என்றார். கயிற்றை என் கையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிட்டார்.

அணைச்சுவரில் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இஞ்சினியர் ஏதோ பேசினார், காதில் ஏறவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும் என்பது நடைமுறை. அவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று கொடுத்தார். சில நேரம் ஒரு நிமிஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் அடுத்த இழுப்பு வருமா, அது மூன்றில் முதலாவதா என்று கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பத்து நிமிஷம் தாண்டியது. இருபது தாண்டியது. முப்பத்தைந்தாவது நிமிஷம் மதகின் மறுபக்கத்தில் ஒழுக்கு மெலிந்து, நூலாகி, நின்றது. அதற்குப் பிறகுதான் மூன்று இழுப்பு வந்தது.

மேலே வந்து முகமூடியைக் கழற்றினார். உதடு அதன் நிறத்திலேயே இருந்தது. தொலைந்துபோன பழைய ஸ்பேனரை இடுப்பிலிருந்து எடுத்து, துரு வழிய, என் காலடியில் வைத்தார். நான் ஸ்பேனரைப் பார்க்காதவன் மாதிரி, ஏன் பாய் அத்தனை தடவை இழுத்தீங்க என்று கேட்டேன்.

“நீங்க புடிச்சிருக்கீங்களானு செக் பண்ணேன் சார்.”