அகுவோமா மழிக்காத தலை

தென்கிழக்கு லண்டனில், பெக்கம் பகுதியின் ரை லேன் தெருவில், மீன்கடை ஒன்றின் மாடியில் இருக்கும் தலைமுடி பின்னும் கடையில் அகுவோமா வேலை செய்கிறார். அவருடைய நாற்காலியில் நான் இதுவரை நாற்பத்தொரு முறை அமர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த அமர்வுகளில் என் தலைக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னது. எஞ்சியதை, அடுத்த நாற்காலியில் பின்னும் சியெரா லியோன்காரி இசாட்டு சொன்னார். நாட்களை மட்டும் கடையின் முன்பதிவுக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

அகுவோமா 2003ஆம் ஆண்டு நைஜீரியாவின் எனுகு பக்கத்திலிருந்து வந்தார். வயது இருபத்தாறு. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பிரிவில் முதல் வேலை. மூன்றாம் நாளே மேற்பார்வையாளர், தலைமுடி ஒழுங்காக இல்லை, நாளை ஒழுங்காக வரவேண்டும் என்றார். ஒழுங்கு என்றால் நேரான முடி என்று உடன் வேலை செய்தவர்கள் விளக்கினார்கள். மூன்று ஆண்டுகள், எட்டு வாரத்துக்கு ஒருமுறை, முடியை நேராக்கும் களிம்பைப் பூசிக்கொண்டார். இடது காதுக்குப் பின்னால் தோல் வெந்து, நாணய அளவுக்கு முடி முளைக்காத இடம் ஒன்று இன்றும் இருக்கிறது. 2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று, களிம்பு பட்ட முடி முழுவதையும் தானே கத்தரித்துக் கொட்டினார். அடுத்த வாரம் வேலை போயிற்று. அதற்கடுத்த மாதம் இந்தக் கடையில் சேர்ந்தார்.

"அன்னைக்கு வெட்டுனது நான். யாரும் சொல்லி வெட்டல," என்பார். அதன்பின் வளர்ந்ததைத்தான் வாடிக்கையாளர்கள் அறிவார்கள். அவிழ்த்தால் தோளைத் தாண்டும், கை நுழைந்தால் சிக்கிக்கொள்ளும் அடர்த்தி. இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் நிரப்பி யாருடைய கையெழுத்துக்காவது காத்திருந்த அகுவோமாவுக்கு, யாரையும் கேளாமல் வளர்ந்தது அது ஒன்றுதான்.

2009இல் ஓசிட்டாவை மணந்தார். அவர் பேருந்து ஓட்டுநர், அதிகம் பேசாதவர். பயணம் செய்ய அகுவோமாவிடம் ஆவணங்கள் இல்லாததால், இமோ மாநிலத்தில் ஓசிட்டாவின் ஊரில் நடந்த மணச்சடங்கில் ஒரு நாற்காலியில் அவருடைய புகைப்படத்தை வைத்துப் பனங்கள்ளும் கோலாக் கொட்டையும் பகிர்ந்தார்கள். கணவன் வீட்டாரில் அவரை நேரில் கண்டது ஒருவர்தான்: ஓசிட்டாவின் மூத்த அக்கா உகோயே. அவர் 2013இல் ஆறு வாரம் லண்டனுக்கு வந்திருந்தார். இருவரும் ஒரே சமையலறையில் நின்று கிசுகிசுத்துச் சிரித்ததை ஓசிட்டா கடைக்கு வந்து புகார்போலச் சொன்னதாக இசாட்டுவுக்கு நினைவிருக்கிறது. உகோயே ஒரு மாலையில் அகுவோமாவின் தலையை அலசிவிட்டு, "இது முடி இல்லடி, காடு. இதுக்குள்ள ஆடு தொலைஞ்சா தேட ஆள் விடணும்," என்றாராம். உகோயே இளம் வயதில் கணவரை இழந்தவர். அதைப்பற்றி அவர் பேசவில்லை, அகுவோமாவும் கேட்கவில்லை.

2017 மார்ச் 9, வியாழக்கிழமை, பேருந்துப் பணிமனையில் ஓசிட்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. பிள்ளைகள் இல்லை. உடலை ஊருக்கு அனுப்ப ஊர்ச்சங்கத்தார் ஏற்பாடு செய்தார்கள். அகுவோமாவின் கடவுச்சீட்டோ நிரந்தர வசிப்புரிமை மனுவோடு குடியேற்ற அலுவலகத்தில் கிடந்தது. முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் மனு செல்லாது.

ஓசிட்டாவின் அண்ணன் ஃபிடெலிஸ் பதினொன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் இசாட்டுவும் கேட்டார்.

"அத்தான், என்னால வர முடியாது. சங்கத்துல சொல்லியிருப்பாங்களே," என்றார் அகுவோமா.

"சொன்னாங்க. நீ வரவேண்டாம். உன் முடி வந்தா போதும்."

"முடியா?"

"புருஷன் செத்தா பொம்பள தலை மழிக்கணும். இது லண்டனுக்குப் போனா மாறிடுமா? முழுசா மழிச்சு, வெள்ளைத் துணில கட்டி, பெட்டியோட வர்ற ஆளுகிட்ட குடுத்துவிடு. கல்யாணத்துக்கு உன் போட்டோதான் வந்துச்சு. சாவுக்கு முடியாச்சும் வரட்டும்."

ஃபிடெலிஸ் நிறுத்தவில்லை.

"அடக்கப் புத்தகம் அச்சுக்குப் போகணும். அதுல மனைவின்னு ஒரு வரி இருக்கு. முடி வந்தா உன் பேரு வரும். வரலைன்னா அக்கா, அண்ணன், தம்பின்னு முடிச்சுக்குவோம். உகோயே அக்காவே சொல்லிட்டாங்க. பேச்சு முடிஞ்சுது."

அடக்கப் புத்தகம் எங்கள் நைஜீரிய வீடுகளில் விவிலியத்துக்கு அருகில் அடுக்கி வைக்கப்படுவது. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, பாடல்கள், கடைசிப் பக்கத்தில் அவர் விட்டுச் சென்றவர்களின் பெயர்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவருக்கு யார் உறவு என்ற வழக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்கள். பிள்ளை இல்லாத அகுவோமாவுக்கு, எட்டு ஆண்டு ஓசிட்டாவோடு வாழ்ந்ததற்கு அவர் ஊரில் வேறு சான்று இருக்கப் போவதில்லை. அந்த வரி அவருக்கு வேண்டும். தலையைக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

"கொஞ்சம் வெட்டி அனுப்பு. ஒரு கைப்பிடி. யாரு அளக்கப் போறா?" என்றார் இசாட்டு.

"முடிச்சை அவிழ்க்கப் போறது உகோயே அக்கா. அந்த வீட்டுல பொறந்த பொண்ணுங்களுக்குத் தலைவி, சாவுச் சடங்கெல்லாம் அவங்க கையில. என் தலைய அலசுனவங்க. ஒரு கைப்பிடிய பாத்து ஏமாற அவங்க என்ன ஆம்பளையா?"

"அப்ப மழிச்சிடு. மறுபடி வளரும்."

"வளரும் இசாட்டு. அன்னைக்கு அந்த மேற்பார்வைக்காரி ஒருத்தி என் தலையப் பாத்து இப்படி இருன்னா. இப்ப இவரு ஒருத்தர். நான் அவரு போயிட்டாருன்னு மழிச்சிருந்தா அது என் துக்கம். பேருக்கு விலையா மழிச்சா அது என்ன?"

இசாட்டு யோசித்துவிட்டு, "அப்ப வேற முடி தேடணும்," என்றார்.

பின்னல் கடையில் முடிக்கா பஞ்சம் என்று வெளியார் கேட்கலாம். பஞ்சம்தான். எங்கள் பெண்கள் சீவும்போது உதிர்ந்த முடியை அந்நியர் துடைப்பத்துக்கு விடுவதில்லை. ஒவ்வொருத்தியும் தன் முடியைத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் படி இறங்குவாள். தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரையில் கூட்டிக் குவிப்பதெல்லாம் பின்னலில் சேர்க்கும் செயற்கை முடி. ஆகவே இசாட்டு தெருமுனைக் கடையில், சுருட்டை ரகத்தில், 'நூறு சதவீதம் மனித முடி' என்று அச்சிட்ட பொதிகள் நான்கு வாங்கிவந்தார். கத்தரித்தார்கள், விரலால் கசக்கி வேர்ப்பக்கத்தைக் கலைத்தார்கள், அகுவோமா தலைக்குப் பூசும் ஷியா வெண்ணெயைத் தடவினார்கள். தோற்றத்திலும் மணத்திலும் அது அகுவோமாவின் தலையாகவே இருந்தது. வெள்ளைத் துணியில் முடிந்து, கூடவே கறுப்புத் துணியால் தலையை இறுகக் கட்டிய புகைப்படம் ஒன்றையும் வைத்தார்கள். லண்டனில் இருந்த ஊர்ப்பெண்கள் மழிக்க வருவதாகச் சொன்னபோது, "கத்தரி பிடிக்கிறவளுக்கு நீங்க எதுக்கு?" என்று அனுப்பிவிட்டார்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. வாங்கிய முடி அசலா என்று அறிய, நுனியில் நெருப்பு வைத்துப் பார்ப்பது இத்தொழிலில் அரிச்சுவடி. அசல் பொரிந்து சாம்பலாகும், போலி உருகும். இருவருக்கும் அது தோன்றவில்லை. அகுவோமாவின் ஊரில் மழித்த முடியைப் புதைப்பார்கள். ஓசிட்டாவின் ஊரிலும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டார்.

ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை அடக்கம். அந்தப் பருவத்தில் இரு நாடுகளிலும் கடிகாரம் ஒன்றே. காலை பதினொரு மணிக்குக் கடையின் பின்னறையில், மாவுமூட்டைகள்போல அடுக்கிய முடிப் பொதிகளுக்கு இடையில், இருவரும் கைப்பேசியின் சிறு திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி இறங்கியது. அகுவோமா அழுதார். பின்பு படம் பிடித்தவர் பெண்கள் கூடியிருந்த முற்றத்துக்கு நகர்ந்தார். அங்கே இரும்புச் சட்டியில் கனல் இருந்தது.

"அது எதுக்கு?" என்றார் இசாட்டு.

அகுவோமாவுக்கு அப்போதுதான் புரிந்தது: இங்கே முடியைப் புதைப்பதில்லை, எரிக்கிறார்கள்.

உகோயே முடிச்சை அவிழ்த்தார். ஒருகணம் முடியைக் கையில் ஏந்தியிருந்தார். பிறகு கனலில் போட்டார். அது பொரியவில்லை. சுருங்கியது, பளபளத்தது, கறுத்த துளிகளாகச் சட்டியின் பக்கங்களில் ஒட்டியது. புகை அடர்ந்து எழுந்தது. பெண்களின் ஒப்பாரி தடுமாறி நின்றது.

"என்ன இது, பிளாஸ்டிக் வாளி எரியிற மாதிரி நாத்தம்?" என்றது ஒரு குரல்.

உகோயே நிமிரவில்லை. ஒரு கோலால் சட்டியை வேகமாகக் கிளறினார். "லண்டன்ல தலைக்கு என்னத்தையெல்லாமோ பூசுறாளுங்க. மூக்கப் பொத்திக்கிட்டு அழுடி. அழ வந்தியா, மோந்து பாக்க வந்தியா?"

யாரோ சிரித்தார்கள். ஒப்பாரி மறுபடி எழுந்தது. உகோயே சட்டியில் மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்.

ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 30, ஞாயிறன்று உகோயே அழைத்தார். இந்த உரையாடலை அகுவோமா எனக்கு மூன்று வெவ்வேறு அமர்வுகளில் சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லும் மாறவில்லை.

"புத்தகம் தபால்ல அனுப்பியிருக்கு. உன் பேரு இருக்கு."

"அக்கா…"

"ஃபிடெலிசுக்கு ஒண்ணும் தெரியாது. ஆம்பளைங்க யாருக்கும் தெரியாது. சட்டிய நானே கழுவினேன். ஒட்டிக்கிட்டுப் போகவே இல்ல. கத்தியால சுரண்டினேன்."

"அக்கா, அது மனுஷ முடின்னுதான் எழுதியிருந்துச்சு. நான் வேணும்னு…"

"யாரோ ஒருத்தி முடியா இருந்தா பரவாயில்லையா? என் தம்பிக்கு?"

அகுவோமா அழுதார். உகோயே அழுகை ஓயும்வரை காத்திருந்தார்.

"எனக்கு முப்பத்திநாலு வயசு, என் வீட்டுக்காரரு போனப்ப. ஒடஞ்ச பாட்டில் துண்டால மழிச்சாங்க. பிளேடு இல்லாம இல்ல. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்னு ஒரு பேச்சு இருந்துச்சு, அதுக்கு. ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது, நாலு பேரு கையப் பிடிச்சிருக்காங்க. ஒருத்தியாச்சும் போதும்னு சொல்ல மாட்டாளான்னு பாத்தேன். அப்புறம்தான் இந்த வீட்டுப் பொண்ணுங்களுக்குத் தலைவியா வந்தேன். வந்து பதினாறு வருஷம். ஒரு தலைய நான் மழிக்க விட்டதில்ல. காதோரம் ஒரு சுருள் வெட்டி நெருப்புல போடுவேன், அவ்வளவுதான்."

"பெரிய அத்தான், நீங்கதான் சொன்னதா…"

"அவன் சொல்லுவான். அவன் சொன்னா நீ நம்புவியா? ஒரு போன் போட்டியா எனக்கு? ஆறு வாரம் உன் வீட்டுல உன் கையால தின்னேன். உன் தலைய இந்தக் கையால அலசினேன். அந்த நாலு பேரோட என்னையும் சேத்து நிக்க வச்சுட்டியேடி."

"தப்புதான் அக்கா."

"ஒரு சுருள் கேட்டிருப்பேன். உன்னோடது. என் தம்பிகூட உன்னோடது ஒண்ணுமே போகல."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

புத்தகம் மே மாதம் வந்தது. நான் பார்த்திருக்கிறேன். இருபத்துநான்கு பக்கம், வழவழப்பான தாள். கடைசிப் பக்கத்தின் முதல் வரி: மனைவி, திருமதி அகுவோமா, லண்டன்.

பொய் அத்தோடு நிற்கவில்லை. தலை மழித்தவள் என்று ஊர் நம்பியதால், ஓராண்டுத் துக்கம் முழுவதும் கறுப்புத் துணியை அவிழ்க்க இயலவில்லை. ரை லேனில் பத்தடிக்கு ஓர் ஊர்க்காரி. புதிதாக வந்த பெண்கள் பின்னலுக்குமுன் பின்னுகிறவரின் தலையைத்தான் பார்ப்பார்கள். "ஆன்ட்டி, நீங்க ஏன் மூடிக்கிட்டிருக்கீங்க? கொட்டிப் போச்சா?" என்று ஒருத்தி கேட்டபோது, ஆமாம் என்றார். காத்துக்கிடந்த வசிப்புரிமை அந்த நவம்பரில் வந்தது. கடவுச்சீட்டு கைக்கு வந்த நாளில் உகோயேயை அழைத்து, கல்லறைக்கு வரலாமா என்று கேட்க நினைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. துக்கம் முடிக்கும் சடங்குக்கு அவருக்கு அழைப்பு வந்தது, ஃபிடெலிசிடமிருந்து. உகோயே சொல்லாமல் போகக்கூடாதென்று போகவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் முடிந்தபின் உகோயேயை அழைக்கிறார். என் முந்தைய அமர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டு, கைப்பேசியைக் காதில் வைத்து, சன்னலருகே நின்றார். கறுப்புத் துணி இப்போது இல்லை. முடி இடுப்பை எட்டப் பார்க்கிறது. நான் எண்ணினேன்: பதினெட்டு முறை மணி அடித்தது.

"அங்க சிக்னல் இருக்காது, மழைக்காலம்," என்றபடி திரும்பிவந்து சீப்பை எடுத்தார். "தலையக் குனி. இன்னும் பின்பக்கம் பூரா கெடக்கு."