ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட்

எங்கள் தெருவில் அவளுக்கு ஹலோ அக்கா என்று பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு உதாரணம் கேட்டால் நான் எதிர் வீட்டைத்தான் கை காட்டுவேன். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை நம் வாசலில் கொட்டுகிறானா, அவளைக் கூப்பிட்டால் போதும். சிரித்துக்கொண்டே ஆளைக் கவிழ்த்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததையும் நான் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணராவி.

அவள் வீட்டுக்காரர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சுத்தம் என்றால் அவருக்குப் பைத்தியம். தன் சட்டையை இன்னொருவர் துவைத்தால் அவருக்குப் பிடிக்காது, பெண்டாட்டியே ஆனாலும்.

"ஏங்கா, உங்க வீட்டுக்காரர் சோப்பையும் கழுவித்தான் வைப்பாராமே?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"சோப்பு என்னடி சோப்பு? விட்டா என்னையே அலசிக் கொடியில காயப் போட்டுடுவாரு" என்றாள். உள்ளேயிருந்து அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

அந்த மனுஷனைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. ஒரு பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நினைவும் வந்து வந்து போகும், பேசுவது எதுவும் புரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு காலையில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலை ஒட்டிய சுவரில், நல்ல கை எட்டுகிற உயரம் வரைக்கும், தன் மலத்தை எடுத்துப் பூசி வைத்திருந்தார். அவள் அழவில்லை. வாளியைத்தான் நீட்டினாள். இரண்டு பேரும் தேய்த்துக் கழுவினோம். அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதை. கடைசியில் கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்ட பிறகுதான் நின்றது. கறை மட்டும் போகவில்லை. கடையில் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வந்து, அந்த ஒரு சுவரில் மட்டும் அடித்தோம்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதடி. அவரு மானம் போயிடும்" என்றாள். பெற்ற மகனுக்குச் சொல்லவே வாரக்கணக்கில் தயங்கினாள்.

வைத்தியத்துக்கு வீட்டின் பேரில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. செல்போன் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார், விலை பேசி முடிந்தது. கடனை அடைத்தால் மிச்சத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கலாம். அதற்குச் சரியாக இருந்தது, ஒரு காசு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. குறைந்தால் என்ன ஆகும் என்பதை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டான மகன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். "அப்பாவ முதியோர் ஹோம்ல விட்டுடலாம்மா. நீ எங்க வீட்டு ஹால்ல படுத்துக்கோ."

பணம் கைமாறுவதற்கு முன்னால் வீட்டைச் சோதிக்க ஓர் இன்ஜினியரை அனுப்பினார் கடைக்காரர். கூரை நன்றாக இருக்கிறது, குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த அறையில் நின்றுவிட்டார். ஈரம் பார்க்கும் மெஷினைச் சுவரில் வைத்தார். நாங்கள் ஊற்றிக் கழுவிய தண்ணீரெல்லாம் பெயிண்டுக்கு அடியில் அப்படியே இருந்தது போல. மெஷின் கத்தியது.

"இந்தச் சுவரு மட்டும் ஏம்மா புதுசா இருக்கு?"

"சும்மாதான்" என்றாள் அக்கா.

கசிவை மறைக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ரிப்போர்ட்டோடு கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். மகனும் வந்திருந்தான். துணைக்கு இரு என்று என்னையும் அக்கா கூப்பிட்டிருந்தாள். அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே படுத்திருப்பவருக்குத்தான் ஒன்றும் புரியாதே!

"விலையில பத்துல ஒரு பங்கு குறைச்சுக்கங்க. ஈரத்த மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்கல்ல?" என்றார் கடைக்காரர்.

"ஈரம் இல்லங்க. சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்குப் பெயிண்ட்டு?"

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் முந்தானையைத் திருகித் திருகி, "அது... வேற ஒண்ணுமில்லங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

மகனுக்குப் பொறுக்கவில்லை. "இதுல என்னம்மா வெட்கம்? சார், அது கசிவு இல்ல. எங்கப்பா படுத்த படுக்கையா இருந்துட்டு சுவரு பூரா அசிங்கம் பண்ணிட்டாரு. அதுக்காக அடிச்ச பெயிண்ட்டு. சின்னப் புள்ள மாதிரி அள்ளி அள்ளிப் பூசுவாரு" என்று சிரித்தான். பாவி! சொல்கிற விஷயமா அது, அதுவும் சிரித்துக்கொண்டு!

கடைக்காரர் மனைவி பட்டென்று காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள். "ஐயே! அந்த ரூம்ல தானே பாப்பாவப் படுக்க வைக்கலாம்னு இருந்தோம்?"

கடைக்காரர் நிதானமாகத் தாடையைத் தடவினார். "ஈரம்னா பூசிக்கலாம் தம்பி. இது வேற. பூச்சு மொத்தமும் கொத்தணும், தரையையும் பேர்க்கணும். முன்ன சொன்ன ஒரு பங்கு பத்தாது, பத்துல ரெண்டு பங்கு குறைச்சாத்தான் எனக்குக் கட்டுப்படியாகும்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"நாக்குல நரம்பில்லாமப் பேசாதீங்க. உங்களுக்கெல்லாம் வயசே ஆகாதா?" என்று கத்திவிட்டேன்.

"ஆன்ட்டி, நீங்க சும்மா இருங்க. இந்த ஆளையும் விட்டா வேற யாரு வருவா?" என்றான் மகன். அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த விலைக்குத் தலையாட்டினான். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கையெழுத்தைத் தவிர.

எல்லோரும் போன பிறகு அவளோடு அறைக்குள் போனேன். அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது. வாய் கோணி, எச்சில் வழிய, என்னவோ சொன்னார். மாதக்கணக்காகப் பேசாத மனுஷர். அக்கா குனிந்து காதைக் கொடுத்தாள். இரண்டாம் முறை எனக்கும் கேட்டது.

"என்னால... எவ்வளவு... குறைச்சாங்க?"

"ஒண்ணும் குறைக்கல" என்றாள் உடனே. "பேசின விலைதான். புது வீட்டுக்குப் போறோம், நீங்களும் நானும்."

அவர் நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஹோமிலிருந்து வேன் வந்தது. சலவைச் சட்டை போட்டுவிடச் சொல்லி ஜாடை காட்டினார், போட்டுவிட்டாள். இரண்டு ஆட்கள் அவரைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். வாசலில் நின்ற அவளைப் பார்த்ததும், நல்ல கையை ஊன்றி, மூச்சு வாங்க, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்.

மகன் வேன் கதவைச் சாத்தினான்.