சங்குக்காரரின் கத்தரிக்கோல்

அந்த மலையூரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சங்கு என்பார்கள், கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் சங்குக்காரர் என்பார்கள். "நமக்கெல்லாம் சங்கு ஊதறதுக்குன்னே சம்பளம் வாங்கற ஆளு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். ஓடைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஒற்றை அறைதான் அவர் அலுவலகம். அங்கே ஒரு கணினி, தெருவில் கட்டிய ஒலிபெருக்கியில் பேச ஒரு மைக், காது கிழியக் கத்தும் அபாயச் சங்கு. மலை உச்சியிலிருந்து சேறும் பாறையும் மரமும் ஒன்றாக உருண்டு வந்தால், அது தெருவைத் தொடுவதற்குள் ஊரைக் கிளப்பி மேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஓடைக்குக் குறுக்கே மேலே கட்டியிருக்கும் கம்பி அறுந்தால் அறையில் சிவப்பு விளக்கு எரியும். நிலம் அதிர்ந்தால், கரையில் புதைத்த கருவி கணினித் திரையில் கோடு போடும்.

கம்பியை அறுப்பதில் மலையைவிட மாடுகளுக்குத்தான் ஆர்வம் அதிகம். முதுகு அரித்தால் வந்து உரசும். விளக்கு எரியும், இவர் சங்கை ஊதுவார், ஊர் மூச்சிரைக்க மேடேறும், மாடு நின்று அசைபோடும். இப்படி ஏறி இறங்கியே ஊருக்கு முழங்காலும் போனது, நம்பிக்கையும் போனது. பிறகெல்லாம் சங்கு கேட்டால் ஜனங்கள் மலையைப் பார்ப்பதில்லை. ஓடையோரத் தையல் கடையைப் பார்ப்பார்கள். தையல்காரம்மா சங்குக்காரரின் மனைவி. அவள் மிஷினிலிருந்து காலை எடுக்கமாட்டாள். "அவர் சம்சாரமே அசையல, நமக்கென்ன வந்துச்சு?" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் காலையில் வீட்டில் சண்டை. துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதத்தைக்கூட வெட்ட விடாதவள் அவள். அது வாய் மழுங்கி, பல் பல்லாகக் கிடந்தது.

"என்னங்க, என் கத்தரிக்கோலை யாரு தொட்டது?"

"எனக்கெப்படித் தெரியும்? உன் துணிதான் முரட்டுத் துணியா இருந்திருக்கும்" என்றார் கூசாமல்.

முந்தின நாள் அறுந்த கம்பிக்குப் பதில் புதுசு கட்டப் போனவர், அலுவலகக் குறடு துருப்பிடித்துப் போனதால் வீட்டிலிருந்து எடுத்துப் போனது அதைத்தான். ஆனால் ஒப்புக்கொள்வதாவது! கல்யாணமான நாள் முதல் 'தப்பு என் மேல' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. பஸ்ஸைத் தவறவிட்டால்கூடப் பஸ் மேல்தான் தப்பு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கத்தரிக்கோலோடு கடைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. அப்போதுதான் சிவப்பு விளக்கு எரிந்தது. மாடு என்றுதான் அவருக்கே தோன்றியது. திரையைப் பார்த்தார். கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மாடு உரசினால் கம்பிதான் அறும், நிலம் இப்படி அதிராது.

சங்கை ஊதினார். மேலிடம் எழுதிக் கொடுத்திருந்ததை மைக்கில் வாசித்தார்: "பொதுமக்கள் உடனடியாக மேட்டுப் பகுதிக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. நாலைந்து பேர் வாசலுக்கு வந்தார்கள், தையல் கடையைப் பார்த்தார்கள், உள்ளே போய்விட்டார்கள். மனைவிக்குப் போன் அடித்தார். சண்டை நாளில் அவள் எடுக்கமாட்டாள். அவள் சேற்றோடு போய்விடுவாள், அவளை நம்பித் தெருவே போய்விடும். மைக்கை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கேக்குதா? கத்தரிக்கோலை நான்தான் எடுத்தேன். கம்பியை அதாலதான் வெட்டினேன். காலைல சொன்னது பொய். தப்பு என் மேலதான்! இது மாடு இல்லம்மா, மலையே வருது. மேல ஏறும்மா!"

கடைக்குள் மிஷின் சட்டென்று நின்றதாம். பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னது இது. "தப்பு என் மேலன்னா சொன்னாரு? ஐயையோ, அப்ப நிஜமாவே வருது!" என்று அலறிக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டு, செருப்புகூடப் போடாமல் அவள் மேட்டைப் பார்த்து ஓடினாள். அவள் பின்னால் தெருவே ஓடியது. கடைசி ஆள் மேடேறி மூச்சு வாங்குவதற்குள் சேறு வந்துவிட்டது. கடை, மிஷின், அந்தக் கத்தரிக்கோல் எல்லாம் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. மேட்டில் அவள் தலை தெரிந்ததும் சங்குக்காரர் தனியாக உட்கார்ந்து அழுதார்.

அடுத்த தடவை சங்கு ஊதியபோது எல்லாரும் வாசலில் நின்று ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்.

"ஒத்துக்கிட்டாரா?"

"இன்னும் இல்ல. பொறு."

ஜன்னல் வழியே அதைப் பார்த்தவர் மைக்கைப் பிடித்தார். "நேத்துப் பாலைப் பொங்கவிட்டது நான்தான்! தப்பு என் மேலதான்!" என்று கத்தினார். தெரு மொத்தமும் மேடேறியது. முதல் ஆளாக அவள்.

வந்தது மாடுதான். ஆனால் யாரும் திட்டவில்லை. அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்: "மைக் இல்லாம ஒரு தரம் சொல்லுங்க, பார்ப்போம்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இன்னிக்கு மாடு மேலதான் தப்பு."

அவள் சிரித்துக்கொண்டே, அவர் வாங்கித் தந்திருந்த புதுக் கத்தரிக்கோலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.