ஆறரை நம்பர் கையுறை

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். பால் கவரைக்கூடக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, கட்டுக் கட்டாக எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு ‘ஒருமுறை போட்டுவிட்டு எறியும் கையுறை, ஒரு ஜோடி’ என்று எழுதிய பட்டியலோடு நான் ஒருநாள் வந்து நின்றேன். அப்போது குரோம்பேட்டையில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு விழாவுக்காகப் பள்ளியில் முதலுதவிக் குழு ஒன்று சேர்த்தார்கள். ஆளுக்கொரு பெட்டி கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை டீச்சர் திறந்து பார்ப்பார். ஒரு சாமான் குறைந்தாலும் குழுவில் இடமில்லை. குழுவில் சேர்ந்தவர்களுக்கு வெள்ளைத் தொப்பி உண்டு. அந்தத் தொப்பிக்காக நான் சாப்பாடு தூக்கமில்லாமல் கிடந்தேன்.

பஞ்சு, டிஞ்சர், துணிக்கட்டு, புது பிளேடு எல்லாம் இரண்டே நாளில் சேர்ந்துவிட்டன. பெட்டிக்கு, அப்பா பல்லாவரம் சந்தையில் வாங்கிவந்த பழைய பிஸ்கட் டின். கையுறைதான் கழுத்தை அறுத்தது. தாம்பரத்தில் மருந்துக்கடைக்காரர், “இன்னா சைஸு சார்? ஆறு கீது, ஆறரை கீது, ஏழு கீது. எந்த டாக்டருக்கு?” என்று கேட்டார். அப்பா என் கையைப் பிடித்து மேசைமேல் விரித்துக் காட்டினார். “பாப்பாவா ஆபரேசன் பண்ணப் போவுது?” என்று கடைக்காரர் சிரித்தார். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். என்னை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

கடைசியில் சித்திதான் கொண்டுவந்தாள். அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தாள். காகித உறைக்குள் மடித்த ஆறரை நம்பர் கையுறை. என்னிடம் நேராகக் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள். “பிரிக்காத. ஓட்டை இருக்கான்னு ஊதிப் பாத்துக்கிட்டு உக்காராத” என்றாள்.

அதை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. அடியில் வைத்தால் பிளேடு குத்தும். ஓரத்தில் வைத்தால் டிஞ்சர் ஒழுகும். மேலே வைத்தால் மூடி அழுத்தும். பஞ்சுக்கு நடுவில் வைத்து மூடினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்து, உறை கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்துத் தடவையாவது அடுக்கிக் கலைத்திருப்பேன். நல்லவேளை, வீட்டில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோருடைய கவனமும் சித்திமேல் இருந்தது.

சித்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திடீரென்று மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள். அவள் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிச் சோப்பு என்று ஒதுங்கினாள். தினமும் எனக்குப் பின்னல் போட்டுவிடுகிறவள், அதையும் நிறுத்திவிட்டாள். லோஷன் போட்டுப் போட்டுக் கழுவி அவள் கை வெடித்துக் கிடந்தது. “ஆஸ்பத்திரில ஊசி குத்திடுச்சு” என்று மட்டும் அம்மா சொன்னாள். இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் எனக்குப் போடாத ஊசியா?

அம்மா எனக்கு முழுக்கதையையும் சொன்னது பதினைந்து வருடம் கழித்து. அந்த ஆஸ்பத்திரியிலும் கையுறையைத் தூக்கிப் போட மாட்டார்களாம். கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு மறுபடி கொடுப்பார்களாம். ஒருநாள் சித்தியின் கையுறையில், விரல் நுனியில் ஓட்டை. அதன் வழியே ஊசி ஏறிவிட்டது. அது, பெயரைச் சொல்லவே அப்போது எல்லோரும் பயந்த அந்த நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி. தொற்றியிருக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகத் தெரிய மூன்று மாதம் பொறுத்து ரத்தம் சோதிக்க வேண்டும். கல்யாணம், வேலை, உயிர் எல்லாமே அந்தச் சோதனை முடிவு வரும் ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தன. கையால் தொட்டால் தொற்றாது என்று படித்தவள்தான் அவள். ஆனால் பயம் வந்துவிட்டால் படிப்பாவது ஒன்றாவது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் பதினோராவது தடவையாகப் பெட்டியை அடுக்கினேன். பிளேடு சுற்றியிருந்த காகிதம் நழுவி, இடது உள்ளங்கை ஆழமாகக் கிழிந்துவிட்டது. ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், அப்பா ஆபீஸிலிருந்து வரவில்லை. என் அலறலைக் கேட்டுச் சித்தி ஓடிவந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். பாதியில் அப்படியே நிறுத்திப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அழுத்திப் பிடிச்சுக்கோ. இரு, வரேன்.”

என் பெட்டியைக் கவிழ்த்தாள். என் கையுறையின் உறையைப் பல்லால் கிழித்தாள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவளுக்கு அன்று விரல் சரியாக நுழையவே இல்லை. எனக்கு வலிகூட மறந்துவிட்டது. நாளைக்கு டீச்சரிடம் எதைக் காட்டுவேன்? வேண்டாம் சித்தி, வெறுங்கையால் கட்டு என்று கெஞ்சினேன். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு கையிலும் மாட்டியபிறகுதான் என்னைத் தொட்டாள். கழுவி, மருந்து வைத்து, அழகாகக் கட்டினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “என் ரத்தம் உனக்கு அவ்ளோ அருவருப்பா இருக்கா?” என்று கேட்டேன்.

“ஆமா. அப்படியே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. அவள் உள்ளே போனதும் அதைப் பொறுக்கி, ஒற்றைக் கையால் சோப்புப் போட்டுக் கழுவி, பால் கவருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டிக் காயவைத்தேன். அம்மாவின் முகப் பவுடரைத் தூவி, கிழிந்த உறையில் மடித்து வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். பார்த்தால் புதிது மாதிரியே இருந்தது. அம்மாவிடம் பெருமையாகக் காட்டியபோது சித்தி பார்த்துவிட்டாள். வெடுக்கென்று பிடுங்கி, கத்தரிக்கோலால் விரல் விரலாக வெட்டிப் போட்டாள். “கழுவின கிளவுஸ நீ போடுவியா? போடுவியா?” என்று கத்தினாள். சித்தி கத்தி நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. அம்மா என்னைத்தான் திட்டுவாள் என்று நினைத்தேன்; அவள் சித்தியை அணைத்துக்கொண்டு நின்றாள். என்ன அநியாயம் என்று அழுதுகொண்டே தூங்கினேன்.

மறுநாள் கையுறை இல்லாததால் என் பெயரை அடித்துவிட்டார்கள். டீச்சருக்கு என் கைக்கட்டு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. கட்டு என்றால் இப்படி இருக்கணும் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். “யாரும்மா கட்டினது?” என்று கேட்டார். எங்கம்மா, மிஸ், என்றேன். சித்தி பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் நான் அவளோடு பேசவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போவேன். அவளும் என்னைத் தடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தபோது, ஒருநாள் மத்தியானமே வேலையிலிருந்து வந்துவிட்டாள். வாசலில் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். அம்மா அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்து, வெறுங்கையால் என் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்து, நெற்றியிலும் கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். நான் திமிறி விலகினேன். மூன்று மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

“போ சித்தி. கை கழுவிட்டு வந்து தொடு.”

“சரிம்மா, கழுவிட்டு வரேன்” என்று சிரித்தபடியே குழாயடிக்குப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நடுவில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு எப்படி வலித்ததோ அப்படி அவளுக்கும் வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாக வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.