வேலாயுதத்துக்கு ஊற்றிய காப்பி

எங்கள் மலாக்காவில் இப்போது கடிகாரம் ஒன்று சொல்கிறது, சூரியன் ஒன்று சொல்கிறது. ஜப்பான்காரன் வந்ததும் முள்ளைத் தன் நாட்டு நேரத்துக்குத் திருப்பிவிட்டான். அது எழுந்திரு என்கிறபோது நான் குடியிருக்கும் காஜா பெராங்கில் சேவல்கூட விழிப்பதில்லை. அந்த இருட்டில் எழுந்து காப்பி போடுகிறேன். ஊரில் இருப்பவர்களே, இதைச் சுமந்துவரக் கப்பல் கிடையாது. இருந்தாலும் உங்களுக்கென்றுதான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஸ்டோரின் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடும்போது விட்டுப்போன பிரெஞ்சு பிரஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. கண்ணாடிக் குவளை, உள்ளே சல்லடைத் தட்டை அமுக்க ஒரு கம்பி, அவ்வளவுதான். சோற்றுக்கே மரவள்ளிக்கிழங்கு என்றாகிவிட்ட காலத்தில் காப்பிக்கொட்டை ஏது என்பீர்கள். பக்கத்து வீட்டுச் செட்டி அக்காவின் கொல்லையில் காப்பிமரம் நிற்கிறது. இந்தச் செட்டிகள் தமிழ் வம்சம், சாமியும் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அவள் தரும் கொட்டையை வறுத்து உரலில் இடிக்கிறேன். பொடியாக இடித்தால் சல்லடைக்குத் தப்பி நாக்கில் சேறாகப் படிகிறது. ரவையைவிடப் பெரிதாக விட்டால் வாசனைத் தண்ணீர். நெடுநேரம் ஊறினால் வேப்பங்காய். கடிகாரத்தை நம்பாமல், அக்கா வாசல் பெருக்கத் தொடங்கும்போது வெந்நீர் ஊற்றி, குப்பையை அள்ளும்போது அமுக்கப் பழகிக்கொண்டேன்.

இத்தனை பாடும் என் அறைத்தோழன் வேலாயுதத்துக்காக. "என்னண்ணே, காப்பி கேட்டா தண்ணி காட்டுறீங்களே" என்று தினமும் கேலி செய்வான். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது அவனையும் ஏற்றிப் போனார்கள். அதன்பின் சேதி இல்லை. வருகிற அன்று அவன் குறை சொல்லக் கூடாது என்று தினமும் அவன் பாய்முன்னும் ஒரு தம்ளர் வைக்கிறேன். தரையில் கறை படாதிருக்க அடியில் ஒரு வாழையிலைத் துண்டு. ஆறியதும் நானே குடித்துவிடுவேன். தனியாகக் குடிப்பது பொறுக்கவில்லை.

போகியன்று அக்கா மரவள்ளிப் பணியாரத் தட்டோடு வந்து, அந்த இலையைப் பார்த்தபடி நின்றாள்.

"தம்பி, பீலா டியா மாத்தி?"

எப்போது இறந்தான் என்கிறாள். இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் போகியன்று இலையில் படைப்பது அவர்கள் வழக்கம். நான் தினமும் படைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"தாக், அக்கா. டியா ஹீடுப்." இல்லை, உயிரோடிருக்கிறான் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"மானா தாவ்?"

உனக்கு எப்படித் தெரியும் என்று மெல்லக் கேட்டாள். அவள் மகனும் அதே ரயிலில் போனவன். இலை போட்டால் பெற்றவளே அவனைக் கொன்றதாகும், போடாவிட்டால், ஒருவேளை இறந்திருந்தால், பட்டினி கிடப்பான் என்று மலாயில் சொல்லி அழுதாள். இலையை எடுத்துவிட்டு வேலாயுதத்தின் தம்ளரை அவள் கையில் கொடுத்தேன். முழுவதும் குடித்தாள். "செடாப்" என்றாள், ருசியாக இருக்கிறதாம்.

அவள் போனபின் என் வீடு நினைவுக்கு வந்தது. யுத்தம் வந்ததிலிருந்து நாகப்பட்டினத்துக்கு என்னிடமிருந்து ஒரு வரி போகவில்லை. அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது என் தம்பி என் பெயரையும் சேர்த்துச் சொல்கிறானோ என்னவோ. நான் உட்கார்ந்து, செத்தவர்களுக்கென்று சுட்டு அக்கா விட்டுப்போன பணியாரத்தை ஒன்றுவிடாமல் தின்றேன். எனக்குப் பசித்தது.