ஐயோ அண்ணனும் கையால் திருப்பிய லென்ஸும்

ஒரு தடவை, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் நாளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு கண் வீங்கி மூடிப்போய் வந்து வரிசையில் நின்றாள். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் கிசுகிசுத்துச் சிரித்தன. அவள் முறைக்கு இரண்டு பேர் மிச்சம் இருக்கும்போது, படம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் கேமராவைத் திருப்பிப் பார்த்து, “ஐயோ, பேட்டரி தீர்ந்துபோச்சே! மிச்சப் பேரெல்லாம் அடுத்த வாரம் வாங்க” என்றார். அவர் காலடியில்தான் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பேட்டரிக் கட்டம் முழுசாக நிறைந்திருக்கிறது. “என்ன பாக்குற? தரையப் பாத்துத் துடை தங்கச்சி” என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. கூடவே படம் எடுக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. எதற்கெடுத்தாலும் முதலில் அவர் வாயில் வருவது ‘ஐயோ’தான். அதனால் பிள்ளைகளுக்கு அவர் ஐயோ சார், எனக்கு ஐயோ அண்ணன். இடி இடித்தால் பயம், நாய் குரைத்தால் பயம், தபாலில் கடிதம் வந்தால் பிரிக்கப் பயம். நூலகத்தைப் பூட்டிவிட்டு வாசல் வரைக்கும் போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். “அண்ணே, இன்னும் நாலு தடவை இழுத்தா பூட்டே கையோட வந்துரும்” என்று நான் கேலி செய்வேன். “வந்துரும்ல? அதான் இழுத்துப் பாக்குறேன்” என்பார். தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “பொண்ணு பாக்கப் போன வீட்ல நாய் இருந்துச்சு” என்றார். அது நிஜமா, விளையாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். மணி அடிப்பதும் என் வேலைதான். விளக்குமாற்றைத் தொடும் முன் கண்ணை மூடி, கடவுளே, இந்தப் பிள்ளைகள் வந்த மாதிரியே வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும் என்று கேட்டுக்கொள்வேன். அந்த வருஷம் அதையே மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.

காரணம், தண்ணீர்த் தொட்டி. மாடிக் கட்டடத்தின் உச்சியில் நாலு குட்டைத் தூண்மேல் சிமெண்டுத் தொட்டி நின்றது. அதன் ஒரு மூலை படிக்கட்டு வாசலுக்கு நேர் மேலே. மாடிக்குப் போக வர அந்த ஒரு படிக்கட்டுதான். காலையில் பெருக்கும்போது அந்த வாசலில் சிமெண்டுச் சில்லு கிடக்க ஆரம்பித்தது. முதலில் நகம் அளவு, அப்புறம் விரல் அளவு. ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறு பக்கம் துருக்கறை. பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பா பாதி நிறைந்ததும் பெரிய டீச்சரிடம் கொண்டு போனேன்.

பெரிய டீச்சர் நல்லவர். அன்றைக்கே செல்போனில் படம் பிடித்துக் கட்டட அலுவலகத்து எஞ்சினியருக்கு அனுப்பினார். தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி துருப்பிடித்து அறுந்து தொங்கியதால் கீழே இருந்துதான் எடுக்க முடிந்தது. படத்தில் தூண் இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் தெரிந்தது. ‘மேல்பூச்சு உதிர்கிறது, ஆபத்தில்லை. வேறு ஏதாவது இருந்தால் தெளிவான படம் அனுப்பவும்’ என்று பதில் வந்தது.

அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்தார். “ஐயோ” என்றார். வழக்கமாகச் சொல்கிற ஐயோ இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்தது.

பள்ளிக்கூடத்துக் கேமரா, புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்கும் சின்னக் கேமரா. கூடவே வந்த லென்ஸ் முகம் எடுக்கப் போதும். அத்தனை உயரத்துக்கு எட்டாது. தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும் என்று அண்ணன் கேள்விப்பட்டிருந்தார். “தனியாப் போனா எதையாவது என் தலையில கட்டிருவாங்க. நீயும் வா” என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அண்ணன் இரண்டு துண்டு சுற்றிக் கேமராவை மார்போடு அணைத்து வந்ததைப் பார்த்து, “கேமராவா, கைக்குழந்தையா சார்?” என்றார்.

“ஐயோ, பள்ளிக்கூடத்துது சார்.”

முதலில் அண்ணனே அலமாரியிலிருந்து ஒரு நீள லென்ஸைக் காட்டினார். கடைக்காரர் தலையாட்டினார். “அது வேற கம்பெனி. லென்ஸ் போய் உக்கார்ற வாய் ஒண்ணொண்ணுக்கும் வேற வேற. அழுத்தி மாட்டினீங்க, ரெண்டும் போச்சு.” அண்ணன் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடுத்து கடைக்காரரே ஒரு பழைய லென்ஸை எடுத்துக் கொடுத்தார். ‘க்ளிக்’ என்று அழகாகப் போய் உட்கார்ந்தது. அண்ணன் முகத்தில் சிரிப்பு. தெரு முனையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் கலங்கலாகவே நின்றது.

“ஐயோ, உடைச்சிட்டேனா?”

“நீங்க எங்க உடைச்சீங்க! லென்ஸச் சுத்தித் தெளிவு கொண்டு வர்ற மோட்டார் உங்க கேமராவுக்குள்ள கிடையாது. விலை குறைஞ்சதுல அத வைக்க மாட்டான். இந்த லென்ஸுக்குள்ளயும் கிடையாது. அப்ப எது சுத்தும்? உங்களுக்கு மோட்டார் உள்ள லென்ஸ்தான் ஒத்துவரும். அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு, வெளிய போயிருக்கு. வெள்ளிக்கிழமை வந்துரும். அவசரம்னா இதையே எடுத்துட்டுப் போய் வளையத்தக் கையால திருப்புங்க. தெளிவு வந்தா உள்ள ஒரு பச்சைப் புள்ளி எரியும்.”

அண்ணன் தன் கையைப் பார்த்தார். அது எப்போதும் லேசாக நடுங்கும் கை.

வெளியே வந்ததும் சொன்னார்: “தங்கச்சி, நான் கையால எடுத்து அதுவும் கலங்கிப்போச்சுன்னு வை. ரெண்டாவது தடவையும் அந்த எஞ்சினியரு ‘ஒண்ணுமில்ல’ன்னு எழுதிருவாரு. அப்புறம் யாருமே மேல பாக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்போம்.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அன்றைக்குத் திங்கள்கிழமை.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் விழவில்லை. அதுவே எனக்கு அதிகப் பயமாக இருந்தது. புதன்கிழமை காலை, கடைசிப் பிள்ளை படியேறிப் போனதும் நான் வாசலைப் பெருக்க வந்தேன். முதுகுக்குப் பின்னால் ‘தொப்’. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, மூன்றாகப் பிளந்து கிடந்தது. ஒரு நிமிஷம் முன்னால் அந்த இடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தது. கடவுள் பெயரைக்கூட முழுசாகச் சொல்ல வரவில்லை.

அண்ணன் ஓடி வந்தார், சிமெண்டுத் துண்டைப் பார்த்தார். கேமராவை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். கேமராவுக்குத் துணி சுற்றவும் இல்லை. நூலகத்தைப் பூட்டவும் இல்லை. அவர் பூட்டாமல் போனதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

பெரிய டீச்சர் எஞ்சினியருக்குப் போன் மேல் போன் போட்டார். கூட்டத்தில் இருக்கிறாராம். “பூச்சுதான்னு எழுதியே குடுத்துட்டாங்க. நான் எத வச்சுப் படிக்கட்ட மூடுறது?” என்று கையைப் பிசைந்தார். பன்னிரண்டரைக்கு நான் சாப்பாட்டு மணி அடிக்க வேண்டும். அடித்தால் மாடியிலிருந்து இருநூறு பிள்ளைகள் அந்த வாசல் வழியாகத்தான் இறங்கும்.

கடை திறக்கும்வரை காத்துக் கிடந்து, அண்ணன் பழைய லென்ஸோடு திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு. மைதானத்தின் அந்தக் கோடியில் போய் நின்றோம். கேமராவைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கினார். “ஆடுது தங்கச்சி. தொட்டியே குதிக்கிற மாதிரி இருக்கு.” மேசை கொண்டு வந்து வைத்தேன். அதில் வைத்தால் லென்ஸ் மூக்கைத் தூக்கி மேலே பார்க்கவில்லை.

“என் தோள்ல வைங்க அண்ணே.”

அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் முழங்காலிட்டு லென்ஸை என் தோளில் சாய்த்தார். அவர் மூச்சு என் காதில் புஸ் புஸ் என்றது. வளையம் திரும்புகிற ‘கர்ர்’ சத்தம் கேட்டது. புள்ளி எரியவில்லை. நான் கண்ணை மூடி வாய்க்குள்ளேயே மன்றாடிக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, சாமி கும்பிடுறத நிறுத்து.”

“என்ன அண்ணே சொல்றீங்க?”

“உதடு அசைஞ்சா உன் தோள் அசையுது. கொஞ்ச நேரம் சும்மா இரு. நான் திருப்புறப்போ மூச்சு விடாத.”

என் வாழ்நாளில் பிரார்த்தனையைப் பாதியில் நிறுத்தியது அப்போதுதான். பயத்தோடு, வெறுமனே உட்கார்ந்திருந்தேன். வளையம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். “வந்துச்சு... ஐயோ, போச்சு. வந்துச்சு, போச்சு.” மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. எனக்கு மூச்சு முட்டியது. அப்போது அவர் குரலே இல்லாமல், “பச்சை” என்றார். டக் என்று ஒரு சத்தம். அப்புறம் இரண்டு, மூன்று.

கேமராவின் பின்பக்கத்தில் பெரிதாக்கிக் காட்டினார். எனக்குக் கட்டட வேலை ஒன்றும் தெரியாது. ஆனாலும் புரிந்தது. தூண் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. உள்ளே கம்பி துருவேறி, ஊதி, சிமெண்டை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. தொட்டியின் மூலை ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது.

பெரிய டீச்சர் படத்தை ஒரு தடவைதான் பார்த்தார். “மணி அடிக்காத” என்றார் என்னிடம். எஞ்சினியருடைய மேலதிகாரிக்கே படத்தை அனுப்பினார். கால் மணி நேரத்தில் எஞ்சினியரே கூப்பிட்டார். “யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க. பிள்ளைங்கள மாடியில எதிர்க் கோடி வகுப்புக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று கத்தியது வெளியே நின்ற எனக்கே கேட்டது.

தீயணைப்புக்காரர்கள் வந்து எதிர்க் கோடி ஜன்னலில் ஏணி சாத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையாக இறங்கியது. ஏணியடியில் ஐயோ அண்ணன் நின்றார். இருநூறு பிள்ளைகளுக்கும் இருநூறு ஐயோ. “ஐயோ மெதுவா, ஐயோ கால் பாத்து.” இறங்கின பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே அவரைப் போலவே ஐயோ சொல்லிக்கொண்டு ஓடின. சாயங்காலம் தண்ணீரை வடித்து, தொட்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூணில் ஒரு ஆள் கடப்பாரையை வைத்து நெம்பினான். நனைந்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பாதியில் நிறுத்திய பிரார்த்தனையை அங்கேயே நின்று முடித்தேன்.

அவர் பயம் அதோடு போய்விடவில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பது ஓய்வு பெறும் நாள் வரைக்கும் நடந்தது. அக்காவோடு வேறு ஊருக்குக் குடி போனார். போய் எட்டு மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அக்கா சொல்லி அனுப்பினார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில்தான். ஏறி உட்கார்ந்து, இறங்கி வந்து பின்னால் டிக்கியில் வைத்த பெட்டியை இழுத்துப் பார்த்து, மறுபடி ஏறினார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்:

“தங்கச்சி, கீழயே பாத்துப் பெருக்காத. நடுவுல ஒரு தடவை மேலயும் பாரு. பயமா இருந்தா ரெண்டு தடவை பாரு.”